பஞ்சாரத்துக்குள் பதினெட்டு நாள்

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?” என்று எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். அம்மா பிள்ளையை அடித்தால் சொல்வார்கள், பெரியவர்கள் கடிந்து பேசினால் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு, எந்தக் கோழியாக இருந்தாலும் குஞ்சு என்றால் காக்கும் என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஆனி மாதச் சாயங்காலம், பன்னிரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோய் எங்கள் பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், ஒரு முருங்கை, இரண்டு தென்னை, ஒரு கிணறு. அப்போது ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. எல்லாம் நாட்டுக்கோழி, சிறுவிடை என்கிற சின்ன உடம்பு வகை. கருப்பி, செவலை, புள்ளி, சாம்பல் என்று நிறத்தை வைத்தே பெயர். கழுத்தில் இறகே இல்லாத ஒன்றுக்கு மட்டும் என் மகள் ‘ராணி’ என்று பெயர் வைத்திருந்தாள். முட்டை வீட்டுக்கே போதவில்லை, இன்னும் கொஞ்சம் கோழி சேர்க்கலாம் என்று ஒரு பண்ணையில் 30 நாள் குஞ்சுகளாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த நேரம். எங்கள் ஊரிலும் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் குளிரில் நடுங்குகின்றன, பெரிய கோழிகளோடு ஒட்டிப் படுத்தால் சூடு கிடைக்குமே என்றுதான் சேர்த்து அடைத்தேன்.

விடிந்து கூட்டைத் திறந்தபோது கோழிகள் எப்போதும்போல ஒவ்வொன்றாகக் குதித்து வெளியே வந்தன. குஞ்சுகள் வரவில்லை. குனிந்து பார்த்தேன். பத்துக் குஞ்சுகள் பின் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுவரில் முகத்தை வைத்து ஒண்டியிருந்தன. வாசல் ஓரத்தில் இரண்டு கிடந்தன. ஒன்றுக்கு உச்சந்தலையில் தோலே இல்லை. இன்னொன்றின் மேல் காயம் எதுவும் தெரியவில்லை. கையில் எடுத்தால் துணி மாதிரித் தொங்கியது. மூலையில் இருந்தவற்றில் ஒன்றுக்கு வால்மாட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ரத்தத்தைக் கூடப் பிறந்த குஞ்சுகளே கொத்திக்கொண்டிருந்தன.

அத்தை வந்து பார்த்தார்கள். என் மாமியாருக்கு எழுபது வயது. பிறந்ததிலிருந்து கோழிகளோடு இருக்கிறவர்கள். என்னைத் திட்டவில்லை. “ஏட்டி, இது தாயோட வந்த குஞ்சா? தனியா வந்தத அது எப்படிச் சேக்கும்?” என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம் உள்ளே போய்ப் பரணிலிருந்து பஞ்சாரத்தை இறக்கச் சொன்னார்கள்.

கொல்லையில் நாலு கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். பழைய கோழிகளுக்கு வயதாகிறது, முட்டை குறைகிறது, புதுக் குஞ்சு வாங்குகிறோம். அல்லது தெருவில் சைக்கிளில் வரும் கலர் குஞ்சைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அழுகிறார்கள், வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் சேவல் குஞ்சுகளுக்குச் சாயம் ஏற்றித்தான் அப்படி விற்கிறார்கள். எப்படி வந்த குஞ்சாக இருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: இதை எப்படிப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது? அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டும் பிழைத்திருக்கும். அதனால் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. தீனி வைக்கும்போது பத்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரியும். எங்கள் கூட்டத்தில் கருப்பி எல்லோரையும் கொத்தும், அதை யாரும் கொத்துவதில்லை. செவலை கருப்பிக்கு விலகும், மற்ற மூன்றையும் விரட்டும். கடைசியில் ராணி. எல்லோரிடமும் வாங்கிக்கொள்ளும். இந்த வரிசையை முதலில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர் தோர்லைஃப் ஷெல்டெரூப் எப்பெ என்ற நார்வே நாட்டுக்காரர். சின்னப் பையனாக இருந்தபோதே எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று குறித்து வைக்க ஆரம்பித்தாராம். 1922-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ‘கொத்து வரிசை’ என்று இன்று உலகமே சொல்வது அவர் கொடுத்த பெயர்தான்.

பார்க்கக் கொடுமையாக இருந்தாலும் அந்த வரிசைதான் கூட்டத்தில் சண்டை வராமல் வைத்திருக்கிறது. யார் முந்துவது, யார் விலகுவது என்று தெரிந்துவிட்டால் ஒரு பார்வையிலேயே காரியம் முடிந்துவிடும். புதிதாக ஒன்று வந்தால் அதற்கும் அந்த வரிசையில் ஓர் இடம் முடிவாக வேண்டும். வளர்ந்த விடைக்கோழி, அதாவது இளம் பெட்டை, என்றால் நாலு கொத்து வாங்கி, இரண்டு கொத்து கொடுத்து, இரண்டு மூன்று நாளில் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். குஞ்சுக்கு அந்த உடம்பும் இல்லை, பெரியது வந்தால் விலக வேண்டும் என்ற பழக்கமும் இல்லை. கொத்து வாங்கியது ஓட வேண்டும், ஓடி மறைய இடம் வேண்டும். கருப்பி கொத்தியதைவிட, ஓட இடமில்லாமல் நான் கதவைப் பூட்டியதுதான் அன்று அந்தக் குஞ்சுகளைக் கொன்றது. கோழிகள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை.

அத்தை கேட்ட கேள்வியை அப்புறம் பலநாள் யோசித்துப் பார்த்தேன். குற்றாலம் மலைப்பக்கம் விடியற்காலையில் போனால் காட்டுக்கோழி கூவுவது கேட்கும். காட்டில் ஒரு குஞ்சு தாயின் காலடியில்தான் திரியும். தாயில்லாமல் பத்துக் குஞ்சு ஒரு கூட்டத்துக்கு நடுவில் வந்து நிற்பது இயற்கையில் நடக்கிற காரியமே கிடையாது. நாம்தான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். தாய் செய்திருக்க வேண்டிய வேலையை அப்படியானால் நாம்தான் செய்ய வேண்டும்.

சரி, பஞ்சாரத்துக்கு வருகிறேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் சிம்புகளை இடைவெளி விட்டுப் பின்னி, பெரிய கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அடி கிடையாது, தரையில் அப்படியே கவிழ்க்க வேண்டியதுதான். காற்றும் வெளிச்சமும் போகும். உள்ளே இருப்பது வெளியே தெரியும், வெளியே நடப்பது உள்ளே தெரியும், பெரிய கோழி உள்ளே வர முடியாது. புதுக் குஞ்சைப் பழைய கூட்டத்துக்குப் பழக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. ‘பார்க்கலாம், தொட முடியாது’ என்று வைத்திருப்பதுதான் கோழி சேர்ப்பதில் முக்கால் வேலை. அதற்காக இன்று கம்பி வலையும் பிளாஸ்டிக் வலையும் வாங்குகிறோம். நம் பாட்டிமார் வீட்டுக்கு வீடு பஞ்சாரம் வைத்திருந்தார்கள்.

அத்தை அதிலும் ஒரு சின்ன வேலை செய்தார்கள். பழைய கொசுவலையைக் கிழித்துப் பஞ்சாரத்தின் அடிப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிக் கட்டினார்கள். சிம்பு இடைவெளியில் குஞ்சு தலையை நீட்டும், நீட்டிய தலையை வெளியே நிற்கிற கோழி கொத்திவிடும். இது புத்தியில் தோன்றாத விஷயம், பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பகல் முழுக்கக் குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள். இரவில் வீட்டுத் திண்ணையில் அட்டைப்பெட்டியில், மேலே ஒரு குண்டு பல்பு. காயம்பட்ட குஞ்சை மட்டும் ஆறும்வரை தனிப்பெட்டியில் வைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டோம். சிவப்பைப் பார்த்தால் கோழிக்குக் கொத்தாமல் இருக்க முடியாது. ரத்தம் தெரிகிற ஒன்றைக் கூட்டத்தில் விட்டால் கூடப் பிறந்ததே கொத்திக் கொன்றுவிடும்.

முதல் மூன்று நாள் கருப்பி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சிம்பின் மேலேயே படபடவென்று கொத்தும். குஞ்சுகள் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். நாலாம் நாள் அத்தை சொன்னபடி கோழிகளின் தீனியைப் பஞ்சாரத்தை ஒட்டியே இறைத்தேன். உள்ளேயும் அதே நேரத்தில் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் குஞ்சு, இந்தப் பக்கம் கோழி, நடுவில் ஒரு விரல் இடைவெளி. இரண்டும் குனிந்து தின்றுகொண்டிருந்தன. எட்டாவது நாள் வாக்கில் கருப்பி பஞ்சாரத்தைக் கவனிப்பதையே விட்டுவிட்டது. பத்தாவது நாள் மத்தியானம் சாம்பல் அதை ஒட்டிப் படுத்து மண்குளித்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள் அதன் முதுகை ஒட்டிய மாதிரி வலையோரம் படுத்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தினமும் பஞ்சாரத்தை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் எச்சம் சேர்ந்து ஈரமாகும். சாரல் காலத்தில் நான் அதில் இரண்டு நாள் அசந்துவிட்டேன். ஒரு குஞ்சு இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. எச்சத்தில் ரத்தம். ரத்தக் கழிச்சல். கால்நடை மருத்துவர் தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து தந்தார், மற்றவை பிழைத்தன, அது பிழைக்கவில்லை. இந்த நோய்க்கிருமி பழைய கோழிகளின் எச்சத்தில் இருந்துகொண்டே இருக்கும். பெரிய கோழிகள் அதற்குப் பழகியவை. மூன்று வாரத்திலிருந்து எட்டு வார வயது வரை உள்ள குஞ்சுகளைத்தான் அது வீழ்த்தும். ஈரம் இருந்தால் பெருகும், காய்ந்த தரையில் அடங்கும். கூட்டுக்குள் உமியோ கடலைத்தோலோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி, தினம் ஒருமுறை கிளறிவிட்டு, தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்ததை அள்ளிப் போட்டாலே பாதிக்கு மேல் தடுத்துவிடலாம்.

நோய் என்று வந்துவிட்டதால் நான் செய்த இன்னொரு தவற்றையும் சொல்கிறேன். புதுக் குஞ்சுகளைத் தனியாக வைத்துப் பார்க்காமல் வந்த அன்றே பழைய கோழிகளிடம் கொண்டுபோய்விட்டேன். இரண்டு வாரத்தில் செவலையின் முகம் ஒரு பக்கம் வீங்கியது. கண்ணில் நுரை, மூச்சு விட்டால் கர்கர் என்ற சத்தம். குஞ்சுகளில் இரண்டு ஏற்கனவே தும்மிக்கொண்டிருந்தன, நான் சாரல் குளிர் என்று நினைத்துவிட்டேன். இந்தச் சளி நோயில் ஒருவகை, கோழி தேறிய பிறகும் உடம்பைவிட்டுப் போகாது, வாழ்நாள் முழுக்க மற்றவற்றுக்குப் பரப்பிக்கொண்டே இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். செவலை தேறியது. ஆனால் ஒவ்வொரு சாரலுக்கும் அதற்கு அந்தச் சத்தம் திரும்ப வருகிறது.

இப்போதெல்லாம் வெளியிலிருந்து எது வந்தாலும் நாலு வாரம் தனியிடம்தான். கொல்லையின் இந்தக் கோடியில் கோழிக்கூடு என்றால் வீட்டுக்கு முன்புறம் புதுக் குஞ்சு. தீனி வைக்கும்போது முதலில் பழைய கோழிகளுக்கு, கடைசியில் புதியவற்றுக்கு. தண்ணீர்ச் சட்டியும் தீனித்தட்டும் வேறு. திரும்பி வரும்போது காலையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். தும்மல், கண் வீக்கம், வெள்ளை அல்லது பச்சைக் கழிச்சல், மந்தம், இதில் எதுவும் இல்லாமல் நாலு வாரம் ஓடினால்தான் பஞ்சாரம் கொல்லைக்குப் போகும்.

இந்த நாலு வாரத்தைத் தடுப்பூசிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு ராத்திரியில் கூடு காலியாகும். ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உத்தராகண்ட் மலையில் இருக்கும் ராணிக்கேத் ஊரின் பெயரால் நம் நாட்டில் அப்படி வந்தது. மற்ற நாடுகளில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தின் பெயர். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி என்று பொதுவாகப் போடுவார்கள். குஞ்சு வாங்கும்போதே எது எது போட்டாகிவிட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மீதியை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரி மாதத்தில் அரசே இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. பழைய கோழிகளுக்கும் போட்டிருக்க வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குஞ்சிடமிருந்து கோழிக்கு வருவது போலவே கோழியிடமிருந்து குஞ்சுக்கும் நோய் போகும்.

இவ்வளவு நாளா என்று சிலர் மலைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் குஞ்சு வாங்குகிறோம். நாலு வாரம் தனியிடம், இரண்டு மூன்று வாரம் பஞ்சாரம். வெளியே விடும்போது அதற்குப் பதினோரு வாரம் ஆகியிருக்கும். உடம்பு முழுக்க இறகு மூடி, பெரிய கோழியில் பாதிக்கு மேல் வளர்ந்து, பறந்து முருங்கைக் கிளையில் ஏறவும் தெரிந்திருக்கும். சேர்ப்பதற்கு ஏற்ற வயதும் அதுதான். காத்திருக்கும் நாள் எதுவும் வீணாகவில்லை.

அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பதினெட்டாம் நாள், குஞ்சுகளுக்கு ஏழு வாரம் ஆகும் முன்பே, பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன். நல்லவேளையாக அத்தை முழுதாக எடுக்க விடவில்லை. மூன்று செங்கல்லைப் படுக்கப் போட்டு, அவற்றின் மேல் பஞ்சாரத்தை ஏற்றி வைக்கச் சொன்னார்கள். கீழே செங்கல் உயரத்துக்கு இடைவெளி. குஞ்சு புகுந்து போகலாம், கோழி புக முடியாது. தண்ணீரும் குஞ்சுத் தீனியும் பஞ்சாரத்துக்கு உள்ளே. வெளியே வந்து மேயட்டும், பயந்தால் ஓடி உள்ளே போகட்டும். பஞ்சாரம் கூண்டாக இருந்தது போய்ப் புகலிடமாகிவிட்டது.

தீனியை உள்ளே வைப்பதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. முட்டையிடும் கோழிக்கான பண்ணைத் தீனியில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், முட்டை ஓட்டுக்கு அது வேண்டும். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். முட்டைத் தீனியைக் குஞ்சு நாள்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டுப்போகும். மாறாக, குஞ்சுத் தீனியைப் பெரிய கோழி தின்றால் ஒரு பாதகமும் இல்லை. அதனால் கலந்து திரியும் காலத்தில் நான் எல்லோருக்கும் வளரும் தீனியே போட்டுவிடுவேன். பொடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் முட்டையிடுகிறவை தானாகப் போய்ப் பொறுக்கிக்கொள்ளும். கம்பு, குருணை, கீரை எல்லாம் எப்போதும்போல. தண்ணீர்ச் சட்டி ஆழமில்லாமல் இருக்கட்டும். சின்னக் குஞ்சு என்றால் சட்டியில் நாலு கூழாங்கல் போட்டுவிடுங்கள், விழுந்தாலும் மூழ்காது.

சட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிடுங்கள், செலவே இல்லாத வழி. தீனித்தட்டு ஒன்று என்றால் கருப்பி மாதிரி ஒன்று அதன் மேல் நின்றுகொண்டு யாரையும் அண்டவிடாது. மூன்று இடத்தில் வைத்தால் மூன்றையும் காவல் காக்க அதனால் முடியாது. ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கொம்பில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும், அரைநாள் எல்லாம் அதிலேயே குறியாக இருக்கும்.

வெளியே விடுவதற்கு நான் சாயங்காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு விட்டால் கோழிகள் வயிறு நிறைந்திருக்கும், சண்டை பிடிக்க நேரமும் இருக்காது. முதல் ஒரு வாரம் அந்த ஒரு மணி நேரமும் நான் கூடவே இருப்பேன். கொத்து விழும். விழுந்தே தீரும். உடனே ஓடிப்போய்த் தடுத்துவிடக் கூடாது. தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கோழி தன் வேலையைப் பார்க்கப் போனால் அது ‘விலகு’ என்று சொன்னது, அவ்வளவுதான். துரத்திக்கொண்டே போனால், மூலையில் மடக்கினால், இறகைப் பிடுங்கினால், ரத்தம் பார்த்தால், அப்போது நாம் நுழைய வேண்டும். குஞ்சு ஒன்றாக இல்லாமல் மூன்று நாலாக இருப்பதும் முக்கியம். ஒற்றைக் குஞ்சை எந்தக் கூட்டத்திலும் சேர்க்காதீர்கள். அத்தனை கொத்தும் அதன் தலையில்தான் விழும்.

எங்கள் ஒன்பதில் வெள்ளையாக ஒரு குஞ்சு இருந்தது. கருப்பி மற்ற எட்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டது. குஞ்சு பஞ்சாரத்துக்குள் ஓடினால் வெளியே காத்திருந்து, தலை தெரிந்ததும் பாயும். நான் வெள்ளையைத் தனியாக எடுத்து வைக்கப் போனேன். அத்தை தடுத்தார்கள். “அடி வாங்குனத எதுக்கு அடைக்க? அடிக்கிறத அடை.” இன்னொரு பஞ்சாரத்தை இரவல் வாங்கி வந்து கருப்பியை அதில் கவிழ்த்தோம். நாலு நாள் உள்ளேயே தீனி, தண்ணீர். முதல் நாள் முழுக்கக் கத்தியது. மற்றவை எல்லாம் அதன் கண் எதிரே மேய்ந்தன. ஐந்தாம் நாள் வெளியே விட்டபோது செவலை நேராக வந்து அதன் முன்னால் நின்றது. இரண்டும் தலையை உயர்த்தி ஒன்றையொன்று பார்த்தன. இரண்டு பாய்ச்சல். கருப்பி விலகிவிட்டது. அதற்கப்புறம் அதற்குத் தன் இடத்தை மீட்கவே நேரம் போதவில்லை, வெள்ளையை மறந்துவிட்டது. கொத்துப்பட்டதை எடுத்துத் தனியே வைத்திருந்தால், திரும்ப விடும்போது அது மறுபடியும் புதுக் கோழியாக வந்து நின்றிருக்கும்.

இரவில் கொண்டுபோய் விட்டால் காலையில் எல்லாம் ஒன்றாகக் கண் விழித்து ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு யோசனை எல்லோரும் சொல்வார்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பது உண்மைதான். ஏற்கனவே இரண்டு வாரம் பார்த்துப் பழகிய, முக்கால் வளர்ந்த விடைக்கோழிகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். பழகாத சின்னக் குஞ்சுக்கு இதைச் செய்யாதீர்கள். கோழிகள் நமக்கு முன்பே விழித்துவிடும், நாம் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் ஒன்பதும் மூன்று மாதம் ஆகும்வரை இரவில் தனிப்பெட்டியில்தான் அடைந்தன. அப்புறம் ஒருநாள் மசமசவென்று இருட்டும் நேரத்தில் வெள்ளை தானாகவே கூட்டுக்குள் ஏறிப் போனது. கம்பில் ராணிக்கும் சாம்பலுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தது. ராணி ஒரு கொத்துக் கொத்தியது. வெள்ளை தலையைத் தாழ்த்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. மற்ற எட்டும் மறுநாள் போய்விட்டன.

இவ்வளவு பாடும் தாயில்லாத குஞ்சுக்குத்தான். அடைக்கோழி ஒன்று கையில் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பண்ணை முட்டைக்கோழிகளுக்கு அடை உட்காரும் குணத்தையே தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். நம் நாட்டுக்கோழியிடம் அது அப்படியே இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது போன வருடம் தை மாதம்.

கருப்பி அடைக்கு உட்கார்ந்தது. உடம்பைத் தட்டையாகப் பரப்பி, கிட்டே போனால் பலூன் மாதிரி ஊதி, கேறிக்கொண்டே இருந்தது. தகுந்த முட்டை அப்போது இல்லை. பண்ணை முட்டை நாலை அடியில் வைத்து உட்கார விட்டேன். அந்த முட்டை பொரிக்காது, ஆனால் கோழிக்கு அது தெரியாது. இருபது நாளை நெருங்கும்போது ஒரு நாள் குஞ்சுகள் கிடைக்கும்படி பொரிப்பகத்தில் சொல்லி வைத்தேன். தாய் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் குஞ்சு இரண்டு நாளைத் தாண்டியிருக்கக் கூடாது, கோழியும் இரண்டு மூன்று வாரமாவது உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்ததும் கேட்கிற குரலையும் பார்க்கிற உருவத்தையும்தான் குஞ்சு தாய் என்று பிடித்துக்கொள்ளும். நாள் தவறினால் குஞ்சு கோழியைக் கண்டு ஓடும், கோழி குஞ்சைக் கொத்தும். நேரடியாக என்னிடம் வருகிறவை என்பதாலும், ஒரு நாள் குஞ்சு என்பதாலும்தான் இதில் நாலு வாரத் தனியிடம் வைக்கவில்லை. சந்தையில் நாலு கூட்டம் கலந்த குஞ்சை இப்படி வைக்க மாட்டேன்.

என் மனது அடித்துக்கொண்டது. இரண்டு குஞ்சைக் கொன்ற கோழி அது. “வேற கோழி அடைக்கு வரட்டுமே அத்த” என்றேன். அத்தை கேட்கவில்லை. “அதுதாம்ட்டி நல்லாக் காக்கும்” என்றார்கள்.

இரவு ஒன்பது மணிக்குப் போனோம். டார்ச் வேண்டாம் என்றுவிட்டார்கள். அத்தை கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கருப்பியின் மார்புக்கு அடியில் விட்டு ஒரு முட்டையை எடுத்தார்கள். அந்தக் கையாலேயே ஒரு குஞ்சை அந்த இடத்தில் வைத்தார்கள். கருப்பி கையைக் கொத்தியது. அத்தை கையை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது குஞ்சு. அப்புறம் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டோம். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் நாலு தடவை எழுந்து போய்க் காது வைத்துக் கேட்டேன். நாலாவது தடவை கேட்டது. ‘க்ளக்... க்ளக்...’ என்று அடித்தொண்டையில், இதுவரை கருப்பியிடம் நான் கேட்டிராத ஒரு குரல். அதற்குப் பதிலாக அடியிலிருந்து மெதுவாக ஒரு கீச்சு. மீதி ஒன்பது குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தோம்.

விடிவதற்கு முன்பே போய்க் காத்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் கருப்பியின் இறக்கைக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் தலை வெளியே வந்தது. கருப்பி குனிந்து பார்த்தது. அலகைக் கொண்டுபோனது. என் கை தானாக நீண்டுவிட்டது. அது அந்தக் குஞ்சின் அலகு ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி அடங்கி உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரம் தாயையும் பதினொரு குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் வைத்திருந்தோம். காகத்துக்கும் வல்லூறுக்கும் பயந்துதான், மற்றக் கோழிகளுக்குப் பயந்து அல்ல. அடுத்த வாரம் செங்கல் மேல் ஏற்றினோம். எட்டிப் பார்க்க வந்த செவலையைக் கருப்பி உள்ளே இருந்தே சிம்பில் மோதி விரட்டியது. மூன்றாவது வாரம் பஞ்சாரத்தை எடுத்துவிட்டோம். சேர்ப்பதற்கென்று நான் ஒன்றும் செய்யவில்லை. சேவல் தூரத்தில் சுற்றிக்கொண்டு போனது. புள்ளி தெரியாமல் ஒரு குஞ்சின் பக்கம் அலகை நீட்டிவிட்டு, கருப்பி வந்த வேகத்தைப் பார்த்துக் கிணற்றுச் சுவரில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி, பழஞ்சாக்கும் சாணியும் திணித்து ஈரத்தில் கவிழ்த்து வைத்த பானையில் கரையான் நன்றாகப் பிடித்திருந்தது. கொண்டுபோய்த் தரையில் தட்டினேன். கருப்பி குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து மண்ணைச் சீய்த்தது. சீய்த்த வேகத்தில் ஒரு குஞ்சின் மேல் கால் விழுந்துவிட்டது. அது கீச்சென்று கத்தி, உருண்டு எழுந்து, அவள் கிளறிய இடத்திலேயே போய்க் கரையான் பொறுக்கத் தொடங்கியது.